மாப்புக் கேட்கப் போன காய்ச்சல்

அந்த மாரிக்கு முன்னால் நான் ஒன்பது தடவை மௌத்தாகியிருந்தேன். இந்த எண்ணிக்கை என்னுடையதல்ல, என் மனைவி வைத்திருப்பது. நெஞ்சில் வாய்வு பிடித்து இதயம் நின்றுபோனது மூன்று தடவை. முதுகிலிருந்த மருவைத் தடவிப் பார்த்துப் புற்றுநோயில் போனது ஒரு தடவை. ஒருநாள் பகல் சோற்றுக்குப் பிறகு கண்ணாடியில் நாக்கை நீட்டிப் பார்த்தேன். செக்கச் செவேலென்று கிடந்தது. கலிமாவைச் சொல்லிக்கொண்டு படுத்துவிட்டேன். அது பீட்ரூட் கறி என்று பிறகுதான் தெரிந்தது. ஒவ்வொரு மௌத்துக்கும் அடுத்த நாள் காலையில் தளபாடக் கடையைத் திறந்து, கலியாண வீட்டுக்காரருக்குக் கட்டில் விற்றுக்கொண்டிருப்பேன்.

"இஞ்சாருங்க, இது எத்தினையாவது?" என்று மனைவி குசினிக்குள்ளிருந்து கேட்பாள். தேங்காய் துருவுகிற சத்தம் நிற்காது.

பத்தாவது தடவைதான் உண்மையாகவே காய்ச்சல் வந்தது.

பகல் லுஹர் தொழும்போது நல்ல மனிதன். பின்னேரம் அஸருக்கு ஸப்பு வரிசையில் நிற்க இயலவில்லை, பல்லோடு பல் அடித்தது. நெல்மூட்டை ஏற்றிய லொறி மேலால் போனது போல உடம்பெல்லாம் நோவு. தொண்டைக்குள் கெளுத்தி முள் குறுக்கே நிற்கிற மாதிரி இருந்தது. இருமினால் சளியும் வராது, நிற்கவும் நிற்காது. இரண்டு நாள் கொத்தமல்லி அவித்துக் குடித்தேன். மூன்றாம் நாள் கடை வாசலில் இருக்கிற மூன்று படியை ஏறுவதற்குள் மூச்சு வாங்கியது. டிஸ்பென்சரிக்குப் போனேன்.

டொக்டர் விரலில் ஒரு கிளிப்பை மாட்டினார். அதில் வந்த இலக்கத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், திரும்ப இலக்கத்தைப் பார்த்தார். எனக்கு அதிலேயே பாதி உயிர் போய்விட்டது.

"ஒட்சிசன் கொஞ்சம் குறைவா இரிக்கி. உங்களுக்குச் சீனி வருத்தமும் இரிக்கி. ஊருக்குள்ள இப்ப பன்றிக் காய்ச்சல் ஓடுது. இண்டைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய் நில்லுங்க. வாயையும் மூக்கையும் மூடிக்கிட்டு நேரே போங்க. வீட்டுக்குப் போகத் தேவயில்ல."

அவர் சொன்னதில் ஒரேயொரு சொல்தான் என் காதில் விழுந்தது. ஆயுசுக்கும் தொடாத பிராணி, கடைசியில் அது வந்து என்னைத் தொட்டுவிட்டது. போதாததற்குக் கொரோனாக் காலத்தில் எங்கள் மையத்துகளைப் புதைக்க விடாமல் எரித்த பயம் இந்தக் கரையில் ஒருவருக்கும் இன்னும் நெஞ்சை விட்டுப் போகவில்லை. ஆஸ்பத்திரி, வைரஸ், வார்ட் என்ற மூன்றையும் ஒன்றாகக் கேட்டால் கபுறுக்கு ஆறடி மண் கிடைக்குமா என்றுதான் மனது முதலில் கேட்கும். எனக்கும் கேட்டது. ஆகவே, வீட்டுக்குப் போகத் தேவையில்லை என்று டொக்டர் சொன்ன மறு நிமிடமே ஓட்டோ பிடித்து வீட்டுக்குப் போனேன். மாப்புக் கேட்க.

எங்களில் ஹஜ்ஜுக்குப் போகிறவரும், மௌத்து கிட்டி விட்டது என்று நினைக்கிறவரும் செய்கிற காரியம் அது. சொந்தக்காரர், அயலவர் என்று ஒவ்வொருவராகக் கையைப் பிடித்து, கட்டித் தழுவி, "தெரிஞ்சோ தெரியாமலோ செஞ்ச பிழைக்கெல்லாம் மாப்புத் தாங்க" என்று கேட்க வேண்டும். அவர்கள் தந்தால் பாரம் இறங்கும், மனிதன் நிம்மதியாகப் போகலாம்.

ஓட்டோவுக்குள் இருந்தபடியே எல்லாருக்கும் போன் அடித்தேன். "கெதியா வாங்க, கடைசியா ஒருக்கா மூஞ்சப் பாத்திட்டுப் போங்க" என்றேன். ஊரைத் திரட்டுகிற அளவுக்கு மட்டும் என் நெஞ்சில் காற்று இருந்தது.

மகளின் வீட்டு முன்மண்டபத்தில் கதிரை போட்டு உட்கார்ந்தேன். மகளின் வீடு என்றால் முன்பு நாங்கள் இருந்த வீடுதான். எங்கள் பக்கத்தில் ஆண்களுக்கு வீடு கிடையாது. உம்மாவின் வீடு சகோதரிக்குப் போகும், மனைவியின் வீடு மகளுக்குப் போகும், நடுவில் நாம் விருந்தாளி மாதிரி இருந்துவிட்டுப் போவோம். மகளைக் கட்டிக்கொடுத்த கையோடு பெரிய வீட்டை அவளுக்கும் மருமகனுக்கும் விட்டு, நானும் மனைவியும் பின்வளவில் கட்டிய இரண்டு அறைக்குப் போய்விட்டோம். மகளுக்கு அப்போது ஏழு மாதம். முதல் பிள்ளை.

முதலில் வந்தவர் மனைவியின் தம்பி. கட்டிப்பிடித்து, அவர் தோளில் முகத்தை வைத்து இருமி, மாப்புக் கேட்டேன்.

"போன வருசமும் தந்தனே மச்சான்," என்றார். "அது முடிஞ்சிட்டா?"

அடுத்தது என் ராத்தா. சாய்ந்தமருதிலிருந்து மூச்சிரைக்க வந்தவள், என் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். நான் கையைப் பிடித்தேன்.

"எல்லாத்துக்கும் தாறன்டா தம்பி. ஆனா ஒண்டு கேக்கணும். சின்ன வயசில என்ட கோழிக்குஞ்சக் கிணத்துக்குள்ள போட்டது நீதானே?"

மௌத்தாகப் போகிறவன் பொய் சொல்லலாமா? "ஓம் ராத்தா. நான்தான்."

"எனக்கு அப்பவே தெரியும்! அதுக்கு மட்டும் தர ஏலா. நீ இரிந்து அனுபவி."

மண்டபமே சிரித்தது. நானும் சிரித்து, சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்காமல் போய், எல்லாரும் சுற்றி நின்று முதுகைத் தடவினார்கள். அப்போதுதான் மகள் சுடுதண்ணீர்க் கோப்பையோடு வந்து எனக்கு முன்னால் குனிந்தாள். அவளுடைய கன்னம் இரண்டையும் கையில் ஏந்தினேன். ஒரு சாண் இடைவெளியில் வைத்து அழுதேன், தும்மினேன், மாப்புக் கேட்டேன்.

"வாப்பா, நீங்க சாகமாட்டீங்க," என்று சொல்லித் தன் ஷோல் நுனியால் என் மூக்கைத் துடைத்தாள். பிறகு அதே ஷோலால் தன் முகத்து வியர்வையையும் துடைத்தாள். அது இன்றைக்கும் என் கண்ணுக்குள் நிற்கிறது.

ஆஸ்பத்திரியில் என்னை மற்றவர்களிலிருந்து தள்ளி, ஆறு கட்டில் போட்ட ஓர் அறையில் விட்டார்கள். இரும்புக் கட்டில். தேக்கிலும் முதிரையிலும் ஊருக்கெல்லாம் கட்டில் விற்றவனுக்கு வாய்த்த கடைசிக் கட்டிலைப் பார் என்று நினைத்தேன். மூக்குக்குள் ஒரு நீட்டுக் குச்சியை விட்டுச் சுழற்றி எடுத்தார்கள். மூக்கில் ஒட்சிசன் குழாய், கையில் சலைன், காலையும் மாலையும் ஒரு குளிசை.

பக்கத்துக் கட்டிலில் சாகாமம் பக்கத்து விவசாயி ஒருவர் இருந்தார். அவருக்கும் இதே காய்ச்சல். என்னைவிடத் தெம்பாக இருந்தார். "குளம் நிறைஞ்சு கிடக்கு, வயலுக்குத் தண்ணி கட்டுற நேரத்தில இஞ்ச கொண்டு வந்து கிடத்திட்டாங்க" என்று வைதுகொண்டே இருப்பார். நான் குறட்டை விட்டதாகவும், அதைக் கேட்டு டிராக்டர் வந்துவிட்டது என்று தான் எழும்பியதாகவும் வார்ட்டைப் பார்க்கும் தாதி மிஸ்ஸியிடம் முறைப்பாடு செய்தார். இரண்டாம் நாள் பகல், பேசிக்கொண்டிருந்தவர் பாதி வசனத்தில் நிறுத்தி மூச்சைத் தேடினார். உதடு கறுத்து வந்தது. தள்ளிக்கொண்டு ஓடினார்கள். அடுத்த நாள் காலையில் அவர் கட்டிலில் புது விரிப்பு விரித்திருந்தது. கேட்டேன். மிஸ்ஸி தலையை மட்டும் ஆட்டினாள்.

நான் ஒன்பது தடவை நடித்துப் பார்த்த காட்சியை அந்த மனிதர் ஒரே தடவையில் முடித்துவிட்டுப் போனார். அதன் பிறகு நான் குறட்டை விடவில்லை. தூங்கினால்தானே.

அன்று டொக்டரம்மா வந்து, சோதனையில் பன்றிக் காய்ச்சல்தான் என்று வந்திருப்பதாகச் சொன்னார். "நீங்க பயப்பிட வேணாம், மருந்து பிடிக்குது. வீட்டில ஆருக்கும் காய்ச்சல் இரிக்கா? வயசாளிகள், சின்னப் புள்ளைகள், புள்ளத்தாச்சிமார் ஆரும் இரிக்காங்களா?"

கடைசிச் சொல்லோடு மகளின் ஷோல் நுனி நினைவுக்கு வந்தது. அதுவரை பட்ட பயமெல்லாம் என்னைப் பற்றிய பயம். அதற்கு ஒரு சுவையும் உண்டு, ஒளிப்பானேன். இதற்குச் சுவையே இல்லை.

மகளுக்கு ஏழு மாதம் என்றேன். முகத்தைப் பிடித்துக்கொண்டு தும்மியதையும் சொன்னேன். டொக்டரம்மா சிரிக்கவில்லை. "புள்ளத்தாச்சிக்கு இது நெஞ்சுக்குள்ள கெதியா இறங்கும். சின்னத் தடிமன் எண்டாலும் உடனே வரச் சொல்லுங்க. முதல் ரெண்டு நாளைக்குள்ள மருந்து தொடங்கினா நல்லம்."

போன் அடித்தேன். "எனக்கு ஒண்டுமில்ல வாப்பா," என்றாள். "நீங்க உங்களப் பாத்துக்கொள்ளுங்க."

ஒன்றும் இல்லாமல் இல்லை. அன்று காலையிலேயே அவளுக்குத் தொண்டை நொந்திருக்கிறது. உம்மாவிடம், "வாப்பாக்கிட்டச் சொல்லிராதீங்க, சொன்னா பத்தாவது மௌத்த முடிக்காமலே பதினோராவதத் தொடங்கிருவார்" என்று சிரித்திருக்கிறாள். என் மனைவியும் சேர்ந்து சிரித்திருக்கிறாள். பீட்ரூட்டுக்குக் கலிமா சொன்னவனிடம் உண்மையான காய்ச்சலை யார் சொல்வார்கள்? மூச்சு வாங்கியதற்கு, வயிறு மேலே தள்ளுகிறது என்று அவளே காரணம் கண்டுபிடித்து வைத்திருந்தாள். வீட்டில் எல்லாரும் ஓமென்று நம்பியிருக்கிறார்கள்.

இதற்கிடையில் மாப்புத் தந்தவர்களெல்லாம் ஒவ்வொருவராக விழுந்தார்கள். மனைவியின் தம்பி படுக்கையிலிருந்து போன் அடித்தார். "மாப்பு ஒண்டுதானே கேட்ட நீ? இதையும் சேத்துத் தாறதெண்டு சொல்லல்லயே!" ராத்தாவும் இருமிக்கொண்டே பேசினாள். "பாத்தியா? கோழிக்குஞ்சுக்கு நான் மாப்புத் தரல்ல, அதுதான் ஒன்னால போக ஏலாமப் போச்சு." இருவரும் நாலைந்து நாளில் எழும்பிவிட்டார்கள்.

ஐந்தாம் நாள் என்னை விட்டார்கள். வீட்டுக்குப் போனதும் கேற்றடியிலேயே நின்று, மாஸ்க்கைச் சரிசெய்துகொண்டு, மண்டபத்தை எட்டிப் பார்த்தேன். மகள் யன்னலோரக் கதிரையில் இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றி முன்னால் வளைந்திருந்தாள். "வாப்பா" என்றாள். மூச்சு. "வந்திட்டீங்களா?" மூச்சு. ஒரு சொல்லுக்கு ஒரு மூச்சு. உதட்டைப் பார்த்தேன். அந்த விவசாயியின் உதட்டு நிறம்.

நான் வந்த ஓட்டோ இன்னும் திரும்பவில்லை. அதிலேயே அவளையும் மனைவியையும் ஏற்றினேன். நான் மருமகனின் மோட்டார் சைக்கிளில் பின்னால் போனேன். கல்முனைக்குடி சந்தி வாகன நெரிசலில் நின்றபோது வாய்விட்டுக் கத்தினேன் என்று மருமகன் பிறகு சொன்னார். எனக்கு நினைவில்லை.

எக்ஸ்ரேயைக் காட்டினார்கள். கறுப்பாக இருக்க வேண்டிய இடமெல்லாம் வெள்ளை, மழை நாள் கடல் மாதிரி, கரை எது தண்ணீர் எது என்று தெரியவில்லை. நேரே ஐ.சி.யு. அங்கிருந்த பெரிய டொக்டர் மறைக்காமல் பேசினார்.

"அதிகமானோருக்கு ஒரு கிழமையில சுகம் வந்திரும், உங்களுக்கு வந்த மாதிரி. கொஞ்சப் பேருக்கு நிமோனியாவாகி இப்பிடி இறங்கும். மருந்து தொடங்கியிரிக்கம், பிந்தித்தான் தொடங்கியிரிக்கம். வயித்தில இரிக்கிற புள்ளட இதயத் துடிப்பு இப்ப நல்லா இரிக்கி. மற்றதெல்லாம் மணித்தியாலத்துக்கு மணித்தியாலம்தான்."

இரண்டாம் நாள் பின்னேரம் அவரே வெளியே வந்தார். ஒட்சிசன் முகமூடி போதவில்லையாம், தொண்டைக்குள் குழாய் போட்டு மெஷினில் விட வேண்டுமாம். "மயக்கத்தில வைப்பம். ஒவ்வொராளா உள்ள போய்க் கதைச்சிட்டு வாங்க. கனநேரம் வேணாம்."

மருமகன் போய் வந்தார். சுவரைப் பார்த்து நின்றார். மனைவி போய் வந்தாள். "மாப்புக் கேட்டாள், குடுத்திட்டன்" என்று சொல்லி அப்படியே தரையில் இருந்துவிட்டாள். எனக்கு ஆஸ்பத்திரிக் கவுணை உடுத்தி, மாஸ்க்குக்கு மேல் மாஸ்க் போட்டு விட்டார்கள்.

மகள் என்னைக் கண்டதும் முகமூடியை ஒரு விரலால் சற்றுத் தூக்கினாள். மெஷினில் இலக்கம் இறங்கத் தொடங்கியது.

"வாப்பா. எனக்கு. மாப்பு."

நாக்கு நுனி வரை வந்துவிட்டது. மகள் கேட்டால் வாப்பா தருவான், அதில் என்ன யோசனை? ஆனால் தந்துவிட்டால் பாரம் இறங்கிவிடும். பாரம் இறங்கினால் போய்விடுவாளே. கோழிக்குஞ்சு நினைவுக்கு வந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த இடத்தில், அந்த இலக்கங்களுக்கு நடுவில், எனக்குப் பிடித்துக்கொள்ளக் கிடைத்தது கிணற்றுக்குள் போட்ட ஒரு கோழிக்குஞ்சுதான்.

"தரமாட்டன்," என்றேன்.

அவள் கண்ணை அகல விரித்தாள். பக்கத்தில் நின்ற மிஸ்ஸி திரும்பிப் பார்த்தாள்.

"என்ட மோட்டார் சைக்கிளக் கொண்டு போய் மதில்ல அடிச்ச நீ. எனக்குத் தெரியாதெண்டு நினைச்சியா? தர ஏலா. வீட்டுக்கு வந்து கேளு. அப்ப யோசிக்கன்."

"வாப்பா..." அவள் சிரித்தாளா அழுதாளா என்று முகமூடிக்குள் தெரியவில்லை. மிஸ்ஸி முகமூடியை அழுத்திப் போட்டு என்னை வெளியே போகச் சொன்னாள்.

வெளியே வந்து பெருமையோடு மனைவியிடம் சொன்னேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் என் பெருமை அப்படியே கரைந்தது.

"கல்லு மனிசனா நீங்க? கடைசியாக் கேட்ட புள்ளைக்கு மாப்புக் குடுக்காம வந்திரிக்கீங்க? அவ அப்பிடியே போனா?"

அப்படியே போனால்? அந்தக் கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது. உள்ளே ஓடினேன், கதவில் நிறுத்தினார்கள். குழாய் போடத் தொடங்கிவிட்டார்களாம். இனி அவளுக்குக் கேட்காதாம்.

ஆறு நாள். ஐ.சி.யு வாசலில் உட்கார ஒரு மர வாங்கு, அதற்கு ஒரு கால் கட்டை. உட்கார்ந்தால் ஆடும். அந்த ஆறு நாளும் நான் அதில் ஆடிக்கொண்டிருந்தேன். பார்வை நேரத்தில் கண்ணாடி வழியாகப் பார்க்கலாம்: குழாய், அதன் பின்னால் நெஞ்சு ஒரே அளவில் ஏறி இறங்குகிறது, வயிறு மட்டும் அசையாமல் மேடாக இருக்கிறது. மெஷின் மூச்சுக்கு ஏற என் மூச்சும் ஏறும். அது ஒரு கணம் தாமதித்தால் நானும் நிறுத்திவிடுவேன். ஒரு நாள் சீனி கூடி எனக்கே தலைசுற்றியது, ஒருவரிடமும் சொல்லவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு வருத்தத்தை மறைத்தேன்.

நாளுக்கு நூறு தடவை "தந்திட்டன் மகள், எல்லாத்தையும் தந்திட்டன்" என்று சொல்ல வாய் திறப்பேன். சொன்னால் அவள் கயிற்றை நானே அவிழ்த்துவிட்ட மாதிரி ஆகிவிடுமோ என்று மூடுவேன். சொல்லாமலே அவள் போய்விட்டால், மகளுக்கு மாப்புக் கொடுக்காத வாப்பா என்று நான் எந்தக் கபுறில் போய்ப் படுப்பது? திறப்பேன். மூடுவேன். பார்த்தவர்கள் நான் துஆ ஓதுகிறேன் என்று நினைத்தார்கள்.

நாலாம் நாள், நெஞ்சு சற்றுத் தெளிவதாகச் சொன்னார்கள். நான் நம்பவில்லை. ஆறாம் நாள் குழாயை எடுத்தார்கள். மருமகன் உள்ளே போய் வந்து, "மாமா, குரல் சரியா வருதில்ல, ஆனா உங்களத்தான் கேக்கிறா" என்றார்.

போனேன். கரகரத்த குரலில், ஒரு சொல்லுக்கு ஒரு மூச்சு என்றில்லாமல் முழு வசனமாகச் சொன்னாள்: "மோட்டார் சைக்கிள மதில்ல அடிச்சது உங்கட மருமகன்."

நான் அப்படியே கட்டிலடியில் குந்திவிட்டேன். மிஸ்ஸிதான் கதிரை தந்தாள்.

அதற்குப் பிறகும் ஒன்றும் இலகுவாக இருக்கவில்லை. மூன்று கிழமைக்கு மேல் அவளால் குசினிக்கும் மண்டபத்துக்கும் இடையில் நிற்காமல் நடக்க முடியவில்லை. பிள்ளை உள்ளே எப்படி இருக்கிறதோ என்ற பயம், பிறந்து அழும் வரை எங்களை விடவில்லை. ஒன்பதாம் மாதம் முடிய, சற்று நிறை குறைவாக ஒரு பெண் பிள்ளை. பெரிய வீடு அவளுக்குத்தான் போகும், பிறந்த அன்றே நான் கணித்துவிட்டேன்.

பிள்ளைக்கு நாற்பது நாள் முடிந்த அன்று முன்மண்டபத்துக்குப் போனேன். எனக்குக் காய்ச்சல் இல்லை, இருமலில்லை, ஆனாலும் மாஸ்க் போட்டிருந்தேன். கதவடியிலேயே நின்றேன். அந்த நாளின் தும்மலைப் பற்றி அவளிடம் நான் ஒரு தடவையும் வாய் திறந்திருக்கவில்லை. சொல்ல வரும்போதெல்லாம் ஒரு பகிடி வந்து குறுக்கே விழுந்துவிடும்.

"மகள்," என்றேன். "அண்டைக்கு உன்ட மூஞ்சப் பிடிச்சிக்கிட்டு நான் செஞ்ச வேலைக்கு... நான்தான் ஒனக்கு..." அதற்கு மேல் வரவில்லை. "மாப்புத் தா."

அவள் பிள்ளையை மடியில் திருப்பிப் போட்டாள்.

"நான் கேட்டதுக்கு நீங்க இன்னும் தரல்லயே."

"அது தரமாட்டன். சாகும் வரைக்கும் தரமாட்டன்."

"அப்ப நானும் தர ஏலா," என்றாள். "நீங்க இரிந்து அனுபவிங்க."

சொல்லிவிட்டுப் பிள்ளையைத் தூக்கி என் பக்கம் நீட்டினாள். "இஞ்ச வாங்க. அந்த மாஸ்க்கக் கழட்டுங்க வாப்பா, புள்ள ஒருக்கா உங்கட மூஞ்சயப் பாக்கட்டும்."

கழற்றினேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்தேன்.